தட்டிப் பார்க்காத பிடி

18-2-1996, ஞாயிறு. மயிலாப்பூர்.

பல்லாவரத்துக் குன்றில், இமயம் போகிறவர்கள் பனிக்கோடரியை மாட்டி ஏறிப் பழக ஒரு வழி அமைக்கிறோம். கோடரி முனையை மாட்டப் பாறையைத் துளைக்கக் கூடாது, உறுதியா என்று நான் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் குறியிட்ட விளிம்புகள், வெடிப்புகள் போன்ற இயற்கைப் பிடிகளே போதும் என்பது என் விதி. இன்று கை வலித்தது. கடைசிப் பிடியைத் தட்டாமலே குறியிட்டேன்.

வழியை ஏறிப் பார்த்த ஸ்டெல்லா அதில் கோடரியை மாட்டியதும் அது பெயர்ந்தது. கயிறு தாங்கியது, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"இன்னா சார், நீங்க தட்டிப் பாத்ததே பேந்துகினு வருது. இந்தப் பாறைய நம்ப முடியாது. ட்ரில் போட்டுடலாம்," என்றான் கீழே கயிறு பிடித்திருந்த மோகன்.

"சார் மேல தப்பில்ல, பாறை அப்டி," என்றாள் ஸ்டெல்லா.

நான் தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு துளையிடுகிறார்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பிடிக்கு எதிரே 'உறுதி' என்றிருக்கிறது. அடித்துத் திருத்தப் பேனாவைத் திறந்தேன். இன்னும் திருத்தவில்லை.