பால் நிற்காத வாரம்

என் வீட்டுத் துப்பறியும் நிபுணருக்கு,

நீங்களும் உங்க ஆபீஸ் தோழியும் மாத்தி மாத்திப் படிக்கிற அந்தக் கொலை நாவலை நானும் படிச்சேன். ரசீது, கடிதம், டாக்டர் சீட்டுன்னு வெறும் காகிதங்களாக் கொடுத்து, கொலைகாரனை நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டுடுறாங்க. நல்லாத்தான் இருக்கு.

ஓரத்துல உங்க பென்சில். பக்கத்துலயே அவளோட பச்சை மை. அவ டிரைவரைச் சந்தேகப்பட்ட இடத்துல "என்ன மூளை உனக்கு"ன்னு எழுதியிருக்கீங்க. ஆபீஸ் வாட்ச்மேனைக்கூட வாங்க போங்கன்னு பேசுற மனுஷன் நீங்க. அவ மட்டும் "உனக்கு". என்கிட்ட நீங்க இதுவரைக்கும் துப்புக் கேட்டது வண்டிச் சாவிக்கு மட்டும்தான்.

கொன்னது டிரைவர் இல்லைங்க. செத்தவரோட மனைவி. கொலை நடந்த வாரம் முழுக்க அக்கா வீட்டுல இருந்தேன்னு போலீஸ்கிட்ட சொல்றா. அப்போ வீட்டுல இருந்தது அவர் ஒருத்தர்தான். அவருக்குப் பாலே ஒத்துக்காதுன்னு டாக்டர் சீட்டு சொல்லுது. பால் பில்லுல ஒரு நாள்கூட விடுபடலை. அப்புறம் குடிச்சது யாரு? வீட்டுல ஒரு பெண்டாட்டி இருக்கான்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்லை.

கடைசியில ஒட்டியிருந்த விடை உறையையும் கிழிச்சுப் பார்த்துட்டேன். அந்தப் பெண்டாட்டியேதான். உங்க தோழிகிட்ட சொல்லிடுங்க.

நான் அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன். நீங்க குடிக்கிறது பால் விடாத காப்பிதான். இருந்தாலும் பாலை நிறுத்தச் சொல்லலை.

இப்படிக்கு,
உங்க சந்தேகப் பட்டியல்ல இடம் கிடைக்காதவள்