இடது பெடல்

கோயமுத்தூர்
8 ஜூன் 1936

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கார்டு கிடைத்தது. பென்சிலால் எழுதியிருந்ததால் மழையில் பாதி அழிந்து வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு மை கொடுக்க மாட்டார்களா? "வண்டியை விற்றுவிடுங்கள்" என்ற வரி மட்டும் அழியவில்லை.

விற்கப் போவதில்லை. அப்பா இறந்த அக்டோபரிலிருந்து அவருடைய மோட்டார் வண்டி கொட்டகையிலேயே நின்றது. போன வாரம் மாடு கட்டி கணபதி கிராமத்துக்கு இழுத்துப் போகச் சொன்னேன். அங்கே பொங்கியண்ணன் என்பவர் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் பழைய மாதிரி கியரைக் கழற்றிவிட்டு, இப்போது வருகிற வண்டிகளைப் போல் கியர் பெட்டியும் கிளச்சும் பொருத்தித் தரச் சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்கம்மா, இந்தப் பாடு படறதுக்குப் புது வண்டியே ஒண்ணு வாங்கிப்போடலாமுங்களே?" என்றார்.

நான் புது வண்டி கேட்கவில்லை என்றேன்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். சமையலுக்கு வரும் குழந்தையம்மாள் உப்பைக் கூட்டிப் போடுகிறாளா, குறைத்துப் போடுகிறாளா என்று எனக்குத் தெரிவதில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

உன் அம்மா,
தெரேசம்மாள்


வால்பாறை
21 ஜூன் 1936

அன்புள்ள அம்மாவுக்கு,

மையில் எழுதியிருக்கிறேன். இங்கே விடாத மழை. கம்பளிகள் காய்வதில்லை. வார்டு முழுவதும் குளிர் காய்ச்சல்காரர்கள். வேலை செய்கிறேன், தூங்குகிறேன், எழுந்து மறுபடி வேலை செய்கிறேன். அது போதும்.

அந்த வண்டிக்கு எதற்கு அம்மா கியர் பெட்டி?

நான் ஓட்டக் கற்றது இங்குள்ள டாக்டரின் வண்டியில். அதில் இடது பெடலை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுவிடும், வண்டி நகராது. அன்றைக்கு அப்பா கேட்டைத் திறக்க இறங்கிப் போனார். "நீ ஓட்டு அம்மணி" என்று அவர்தான் சொன்னார். நான் இடது பெடலை மிதித்துக்கொண்டு கை பிரேக்கை விட்டேன். வண்டி முன்னால் பாய்ந்தது. நிறுத்தத்தான் இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்த ஓடியது. கேட்டுத் தூணில்தான் நின்றது. நடுவில் அப்பா இருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "என்ன செய்தாய்?" அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியாது.

விற்க மனமில்லை என்றால் உடைத்துப் போடுங்கள்.

செல்வி


கோயமுத்தூர்
14 ஜூலை 1936

அன்புள்ள செல்விக்கு,

உடைக்க மாட்டேன். அப்பாவின் குடையையோ மூக்குக் கண்ணாடியையோ நான் உடைக்கவில்லை. விற்கவும் மாட்டேன். வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு கேட் இருக்கும்.

கணபதிக்கு நானே போனேன். பட்டறையில் நாற்காலி கிடையாது. தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துண்டு விரித்தார்கள். பொங்கியண்ணன் வண்டியின் அடித்தட்டைத் திறந்து காட்டினார். பழைய அமைப்பில் இடது பெடலைப் பாதி மிதித்தால்தான் பிடி விடுமாம். முழுக்க மிதித்தால் முதல் கியர் விழுந்து வண்டி கிளம்பிவிடுமாம். நடுப் பெடல் பின்னால் போவதற்கு. இருபது வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அப்பாவின் கால் என்ன செய்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

மற்ற வண்டியில் பழகியவர் இதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆரா இருந்தாலும் கால் பழகுன எடத்துக்குத்தானுங்க போகும். இதைக் கொண்டாந்த அன்னைக்கு நானே மறந்து மிதிச்சு, செவுத்துல கொண்டி முட்டிப்போட்டனுங்க."

சுவரில் இருந்த விரிசலைக் காட்டினார். அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

நான் வராந்தாவில் கேட்டது கேள்வி, செல்வி. எனக்குத் தெரியாததால் கேட்டேன். இப்போது தெரிந்துவிட்டது. இனி நீ பதில் சொல்ல வேண்டாம்.

ஏலத்தில் எடுத்த ஒரு வண்டியின் கியர் பெட்டி கிடைத்திருக்கிறது. அது நம் எஞ்சினோடு நேராகச் சேராதாம். இரண்டையும் இணைக்கப் பீளமேட்டில் ஓர் இரும்பு வார்ப்பு செய்தார்கள். அதில் மயிரிழை போல் ஒரு கீறல் இருந்தது, திருப்பி அனுப்பினேன். பழைய பிரேக்கும் அந்தக் கியருக்குள்ளேயே இருந்ததால் சக்கரங்களில் புதிதாக பிரேக் வைக்க வேண்டும். நாளாகும். ஆகட்டும்.

அம்மா


வால்பாறை
3 ஆகஸ்ட் 1936

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மழை இன்னும் விடவில்லை.

வண்டியைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

செல்வி


கோயமுத்தூர்
27 செப்டம்பர் 1936

அன்புள்ள செல்விக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இன்று எழுதியாக வேண்டும்.

நேற்றுக் காலை வண்டி வந்துவிட்டது. பொங்கியண்ணனே ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது இடது பெடல் கிளச். நடுவில் பிரேக். மூன்றாவது பெடல் கிடையாது. அதிருந்த ஓட்டையைப் பலகையால் மூடச் சொல்லிவிட்டேன். வேகம் கூட்டுவது முன்போல் ஸ்டீரிங்கின் கீழே, கையால்தான்.

வண்டியைக் கேட்டுக்கு எதிரில், அன்று நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் ஓடட்டும், இடது பெடலை முழுக்க மிதித்து முதல் கியரில் போட்டு, மிதித்தபடியே கை பிரேக்கை விடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் போய்த் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. உங்களை அங்க நிக்கவெச்சுப்போட்டு நான் மிதிக்கமாட்டனுங்க."

"தள்ளி நின்றால் எனக்கு எப்படித் தெரியும்?"

"நாஞ் சொல்றனுங்களே, நகராதுங்க."

"நகராது என்றால் மிதியுங்கள். நகரும் என்றால் கணபதிக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போங்கள்."

சென்னிமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே மிதித்தார். ரேடியேட்டரின் சூடு என் சேலையில் அடித்தது. வண்டி நடுங்கியது. நகரவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். அப்போதும் நகரவில்லை. அவர் இறங்கி வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார்.

எனக்குப் பயமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

மத்தியானம் குழம்பில் உப்பு அதிகமாக இருந்தது. சொன்னேன். குழந்தையம்மாள் அழுதுவிட்டாள். திட்டியதற்காக அழவில்லையாம்.

வருகிற பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு வருஷ பூசை. பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். கோவிலுக்கு நீதான் வண்டியை ஓட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீ ஓட்டுகிற இடத்தில் உட்கார். நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறக்கிறேன்.

உன் அம்மா,
தெரேசம்மாள்


வால்பாறை
6 அக்டோபர் 1936

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். பிறகு ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. காய்ச்சலில் கிடந்த அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். இனி ஒருபோதும் அந்தத் தூணருகே நிற்காதீர்கள்.

லீவு கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதி எஸ்டேட் லாரியில் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து ரயில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

ஓட்டுவேனா என்று தெரியாது. உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கேட்டைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கல் வைத்துவிடுங்கள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.

செல்வி