உன் பேரில் ஆடிய பிளஃப்

சீட்டுக் கலைக்கச் சொன்னால் பாதிக் கட்டைத் தரையில் கொட்டிவிடுகிற என் செல்ல நாத்தனார் சுமதிக்கு,

நல்லா இருக்கிறாயா என்று எழுத வந்த கையை இழுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஏழு மாதமாகியும் நீ முழுசாகப் போய்விட்ட மாதிரி எனக்குத் தோன்றவே இல்லையடி.

நேற்று மத்தியானம்கூட வந்தாயே. சிதம்பரம் போகக் கடலூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் பட்டுக் கண் சொருகியது. பக்கத்தில் நீ. இரண்டு சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காட்டாமல் சிரித்தாய். உன் தலையில் பழையபடி முடி இருந்தது. "காட்டுடி" என்று கை நீட்டினேன். அதற்குள் கண்டக்டர் "சில்லறை வாங்கிக்கும்மா" என்று எழுப்பிவிட்டார், பாழாய்ப்போனவர்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். உன் பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லிவிட்டேன். சின்னப் பொய் இல்லை. உன் வீட்டுக்காரரிடம், உன் அண்ணன் முன்னாலேயே, உன் மகள் யாழினி காதுபடச் சொன்னேன்.

இதெல்லாம் நீ கற்றுக்கொடுத்த வேலைதான். புதுச்சேரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் மூன்று நாளைக்கு உனக்குச் சோறு பிடிக்காது, டிவி பிடிக்காது, மனுஷ முகமே பிடிக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை உன்னைப் பார்க்கச் சிதம்பரம் வந்தேன். வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். நீ போனில் எவனோ வெள்ளைக்காரன் சீட்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அண்ணி, இது ரம்மி இல்ல, போக்கராம். இதுல கையில ஒண்ணுமே இல்லாதவகூட ஜெயிக்கலாமாம்!" என்றாய். நோய் வந்த பிறகு உன் கண் அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆட்டத்தின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தாயே, அதெல்லாம் இப்போது என்னிடம் இருக்கிறது. "பிளைண்ட்: சீட்டையே பாக்காம ரெண்டு பேரு கட்டாயமா பந்தயம் வைக்கணும். நமக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி." "செக்: ஒண்ணும் வைக்காம, நீங்க சொல்லுங்கன்னு அடுத்தவங்ககிட்ட தள்ளுறது. எங்க அண்ணன் பொழப்பே இதான்." படித்துவிட்டு என்னமாய்ச் சிரித்தேன்! எதிராளி வைத்த அளவு நாமும் வைத்து, சரி பார்க்கலாம் என்பதற்கு இங்கிலீஷில் கால் என்று பேர். அதற்கு மேல் ஏற்றினால் ரெய்ஸ். "ஃபோல்டு: போதும்டா சாமின்னு சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்குறது."

ஆளுக்கு ரெண்டு சீட்டு போக, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கிற மூன்று சீட்டு ஃப்ளாப். நாலாவது டர்ன், கடைசிச் சீட்டு ரிவர். ரிவர் என்று சொல்ல உனக்கு மனசு வரவில்லை, கொள்ளிடம் என்று பேர் வைத்தாய். பாலத்தைத் தாண்டினால் வேற ஜில்லா, அப்புறம் புதுசாக ஒன்றும் வராது, கையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்கவேண்டும் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

நீ, நான், யாழினி, மூன்றே பேர். காசு வைத்தால் சூதாட்டம் என்று உன் அண்ணன் குதிப்பார் என்பதால் பண்ருட்டி முந்திரிப் பருப்பை வைத்து ஆடினோம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இருக்கிறதையெல்லாம் நடுவில் தள்ளுவதற்கு ஆல் இன் என்று பேர். நான் ஆல் இன் என்று தள்ளப் பார்த்தால் என் பக்கம் நாலு பருப்புதான் கிடக்கும். "அம்மா, அத்தை அவுங்க பங்கையெல்லாம் தின்னுட்டாங்க" என்று யாழினி கத்துவாள். ஒரு வாய்ச் சோறு இறங்காத நீயும் ஜெயித்த பருப்பில் ரெண்டு மூன்று மெல்லுவாய். அதைப் பார்ப்பதற்காகவே நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளேன்.

பிளஃப் என்பதற்கு நீ எழுதியதைத்தான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். "கையில ஒண்ணும் இல்லாதப்ப, பெருசா இருக்கிற மாதிரி ஏத்துறது. எதிராளி பயந்து கவுத்துட்டா ஜெயிச்சவ சீட்டைக் காட்ட வேணாம். அண்ணிக்கு இது வராது." எனக்கு ஏன் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆடுகிறவரை உடம்பே காட்டிக்கொடுக்கிற ஜாடைக்கு டெல் என்று பேர். பொய்யாக ஏற்றும்போதெல்லாம் என் வலது கை தானாகப் போய்க் கம்மலைத் திருகும்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் சேத்தியாத்தோப்பிலிருந்து யாழினிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம்தான், குறை சொல்ல மாட்டேன். சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்கவேண்டும், தவறினால் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்று உன் வீட்டுக்காரரைச் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு நெருக்கினார்கள். அவள் விவசாயப் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டாள்.

தாய்மாமன் சொன்னால் சரி என்று உன் அண்ணனைக் கேட்டார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார்? "நீங்க எல்லாரும் பாத்து எது செஞ்சாலும் சரி மச்சான்" என்றார். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, சுமதி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. படிப்பு முடியற வரைக்கும் பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு."

உன் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "எப்ப சொன்னா?"

"கடைசி வெள்ளிக்கிழமை. நீங்க டீ குடிக்கப் போனப்ப."

வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை எவ்வளவு நேரம் பார்த்தாரோ, எனக்கு ஒரு யுகம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்லியிருந்தா சரி. வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

அன்றைக்கு யாழினி என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். "கை மரத்துப் போச்சா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "சீட்டைக் காட்ட வேணாம் அத்தை, அம்மாவே எழுதி வச்சிருக்காங்க" என்று சொல்லி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் நாள் முழுக்க அடுத்தவர்களின் சத்தியப் பிரமாணத்தை டைப் அடிக்கிறவள் நான். எனக்கு அது உறுத்தாமல் இருக்குமா? அதிலும் நீ நிஜமாகச் சொன்னது வேறு. ஒரு தடவை, மருந்து மயக்கத்தில், "அவ கழுத்துல ஒரு தாலி ஏறறதைப் பாத்துட்டாப் போதும் அண்ணி" என்றாய். அது உன் ஆசையா, இல்லை நாள் குறைகிறதே என்ற பயமா? கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது யாரைப் போய்க் கேட்பேன்?

இன்னொன்றும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், கோபமாகவே சொல்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றவர்கள்தான் இவர்கள் எல்லோரும். செத்த பிறகு உன் ஒரு வார்த்தைக்கு வீடே அடங்கிப்போனது. நான் என் பேரில் அதையே சொல்லியிருந்தால் காற்றில் போயிருக்கும்.

அதைத்தான் நேற்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் உன் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். யாழினி காலேஜுக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழப் பார்த்தார், நான்தான் உட்காரச் சொன்னேன்.

"தங்கச்சி," என்றார். "அந்த வெள்ளிக்கிழமை நான் டீ குடிக்கப் போவல. அவ கைய விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகரவே இல்ல. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சு."

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

"யாராச்சும் தடுக்க மாட்டாங்களான்னு இருந்துச்சும்மா. ஆளாளுக்கு முடி, முடின்றாங்க. எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்ல. பொண்ணையும் அனுப்பிட்டு இந்த வீட்டுல நான் மட்டும் என்னா பண்ணுவேன்?"

தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாளா?"

சுமதி, எல்லாம் தெரிந்த மனுஷன் கேட்கிறார். நான் என்ன செய்வேன், சொல்லு.

"சொன்னா அண்ணே. பழையதையே தின்னு உடம்பக் கெடுத்துக்கக் கூடாதாம். ஒரு பிடி அரிசின்னாலும் சூடா ஆக்கிச் சாப்பிடணுமாம்."

"ம்," என்றார். "அப்படித்தான் சொல்லுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துப்போய்க் கழுவிவிட்டு, அரிசி களைய உட்கார்ந்தார். நானும் கிட்டே போய் உட்கார்ந்தேன். அவர் களைந்து முடிப்பதற்குள் நான் உலை வைத்தேன்.

உனக்கு என்மேல் கோபம் என்றால் கனவில் வந்து திட்டிவிட்டுப் போ. நான் கொடுக்கிற வாக்கு இதுதான். யாழினி படிப்பு முடிவதற்குள் மறுபடி யாராவது கல்யாணப் பேச்சோடு வருவார்கள், கட்டாயம் வருவார்கள். அன்றைக்கு உன்னை நான் கூப்பிட மாட்டேன். எழுந்து நின்று, "இது சுமதி சொன்னது இல்ல, நான் சொல்றேன், அவ படிக்கட்டும்" என்று என் வாயாலேயே சொல்வேன். காற்றில் போனால் திரும்பவும் சொல்வேன்.

உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து உன்னைச் சம்பாதித்துக்கொண்ட,
உன் அண்ணி,
விஜயா