வடிகால் மூலை மண்

மார்ச் 3

தங்கச்சி கேஸ் ஜெயித்துவிட்டாள். இறால் பண்ணைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து உப்பாக்கிய பன்னிரண்டு ஏக்கரும் இனி சொந்தக்கார அம்மாவுக்கே. பேப்பரில் போட்டோ: ‘நிலத்தை மீட்ட வக்கீல்.’ அப்பா வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

நாலு வருஷம் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, வடித்து, அந்த மண்ணிலிருந்து உப்பை இறக்கியது யார்? நான். அவள் மீட்டது காகிதத்தில். நோகாமல் நுங்கு தின்றுவிட்டாள்.

மார்ச் 4

வயிறு எரிகிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9

மண் பயிருக்குத் தகுதி என்று எங்கள் மண் பரிசோதனை லேப் சார்பில் நான் அறிக்கை கொடுத்தால்தான் நிலம் கைமாறும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. தங்கச்சி போன் செய்தாள்: “அக்கா, உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. விதைப்புக்குள்ள குடுத்துடு.”

நாலு வருஷ உழைப்பு, அவளுக்கு ஒரு கையெழுத்து!

மார்ச் 14

வயல் முழுக்கப் பத்து இடத்தில் மண் எடுத்துக் கலக்க வேண்டும். நான் பத்தையும் வடிகால் மூலையிலேயே எடுத்தேன். அங்கே இன்னும் உப்பு உண்டு. தெரிந்துதான் செய்தேன்.

மார்ச் 20

‘தகுதியில்லை.’ அறிக்கை போய்விட்டது. எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவியாயிற்று.

தங்கச்சி வந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். பாவம், விதையெல்லாம் வாங்கி வெச்சிருந்தாங்க.”

ஏன்டி இப்படி நம்பித் தொலையறே? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 21

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 23

மண் எடுத்த விதத்தைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். “கோர்ட்ல நான் காட்டினதே உன்னோட நாலு வருஷ ரிப்போர்ட்தான்க்கா” என்றாள். கிளம்பும்போது, “நீயே எழுதிக் குடுத்துடு. நானா சொல்லமாட்டேன்.”

கத்தியிருக்கலாம். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள்.

ஏப்ரல் 2

உண்மையை எழுதிக் கொடுத்தேன். வேறொருவர் மண் எடுத்துப் பார்த்து, தகுதி என்று சொல்லிவிட்டார். லேப் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். விதைப்பு மூன்று வாரம் தள்ளிப்போயிற்று, என்னால்.

மே 11

நிலத்துக்கார அம்மா போன் செய்தார்கள். “பயிர் மஞ்சளடிக்குதும்மா. வந்து பாக்கறியா? உன் தங்கச்சி உன்னைத்தான் கேக்கச் சொல்லுச்சு.”

இதிலும் அவள் பேச்சுதான் முன்னால் வருகிறது.

“நான் என்ன பண்ணேன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியும். இருந்தாலும் அந்த மண்ணு உனக்குத்தானே பழக்கம்.”

போனேன். செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.