அந்தோனியாரின் கைக்குழந்தை

லிங்கநகர், திருகோணமலை
14.06.2024

அன்பு மகள் துஷாந்திக்கு,

உன் தம்பி லதீசன் கடலுக்குப் போய் மூன்று கிழமையாகிறது. கிண்ணியா நஸ்ரி தன் போட்டில் வெருகல் வரைக்கும் தேடிவிட்டு வந்தான். ஒன்றும் அகப்படவில்லை.

நேற்று அந்தோனியார் திருநாள். வீட்டுச் சுரூபத்தின் கையிலிருந்த குழந்தை யேசுவைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிவிட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்; அலுமாரித் திறப்பொன்று தொலைந்தாலே, அது கிடைக்கும்வரை நாங்கள் இப்படிச் செய்கிறதுதானே. "என்ர பிள்ளையைத் தாரும், உம்மட பிள்ளையைத் தாறன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டேன்.

மடத்தில் லீவு கேட்டு வா, பிள்ளை. தனிய இருக்க ஏலாது.

உன் அம்மா

கண்டி
22.06.2024

அன்புள்ள அம்மா,

கேட்டால் மதர் விடுவா. நான்தான் கேட்கவில்லை. ஆவணியில் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு. இப்போது வீட்டுக்கு வந்தால் திரும்பி வர மனம் வராதோ என்று பயமாயிருக்கிறது.

புனித மோனிக்கம்மாளை நினையுங்கள். வழிதவறிய மகனுக்காக எத்தனை வருடம் அழுதா! அந்த மகன்தான் புனித அகுஸ்தீனார் ஆனார். குழந்தை யேசுவைத் திருப்பி வையுங்கள், அம்மா. ஆண்டவரோடு பேரம் பேசலாமா?

அன்பு மகள்
துஷாந்தி

லிங்கநகர்
01.07.2024

மகளுக்கு,

மோனிக்கம்மாளின் பிள்ளை உயிரோடு இருந்தவன். எங்கே இருக்கிறான் என்று யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். நீ எழுதுகிற புனிதர்களின் கதையெல்லாம் நல்லபடியாகவே முடிகிறது. முடியாதவர்களைப் பற்றி ஒருவரும் எழுதி வைக்கவில்லையா?

நீ கேட்கவேயில்லை என்றதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் அம்மா

கண்டி
10.07.2024

அன்புள்ள அம்மா,

என்னை மன்னியுங்கள். வியாகுலமாதாவைப் பாருங்கள். இறந்த மகனை மடியில் கிடத்திய பிறகும் அவ விசுவாசத்தை விடவில்லையே.

வார்த்தைப்பாட்டுக்குக் கட்டாயம் வாருங்கள். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு கதிரை கேட்டு வைத்திருக்கிறேன்.

துஷாந்தி

லிங்கநகர்
21.07.2024

துஷாந்திக்கு,

தம்பி போன போட் வெருகல் கரையில் ஒதுங்கிக் கிடந்ததாம். நஸ்ரி வந்து சொன்னான். "ஆள் இல்ல, உம்மா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே குந்தி அழுதான். அவன் உடுத்துகிற சாரம் மட்டும் கயிற்றில் காயப்போட்டபடி இருந்ததாம்.

மாதாவுக்கு மடியில் கிடத்த ஓர் உடலாவது கிடைத்தது, மகள்.

நான் வரவில்லை. அந்தக் கதிரையை வேறு யாருக்காவது கொடு. இனிப் புனிதர்களைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

குழந்தை யேசுவை இன்று காலை அந்தோனியார் கையில் திருப்பி வைத்துவிட்டேன். விசுவாசம் வந்து வைத்தேன் என்று நினைக்காதே. வெறுங்கையோடு நிற்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும். அவரும் அப்படி நிற்க வேண்டாம்.

லதீசனின் அம்மா