சுரண்டிய கோடு

என் அன்பு அப்பா,

வரும் தையில் எனக்கு ஐம்பது. நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து, அதுவும் ஊரார் படிக்கும் பத்திரிகையில், உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. ஆனால் ஊரார்தான் முதலில் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நம் சந்தின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது. போரில் ஜப்பான்காரன் நம் தீவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஜார்ஜ் டவுனையே இடித்துத் திருத்தி அமைக்க ஒரு நகரத் திட்டக்காரர் வந்ததும், துறைமுகத்திலிருந்து மலைப்பக்கம்வரை நேராக ஓர் அகலச் சாலை போட நினைத்ததும், நகராட்சியில் வரைபடம் வரைந்த நீங்கள் அவரை ஏமாற்றி நம் வரிசையைக் காப்பாற்றியதும் அதில் இருக்கிறதாம். முன்னுரை நான் எழுத வேண்டுமாம். நான் வரலாறு படித்தவள். அழகாக முடியும் கதைகளை எளிதில் நம்புவதில்லை. வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அந்தத் திட்டக்காரர் ஒருமுறை நம் வீட்டுக்கு வந்தார். அம்மா அவித்துக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கை மரியாதையாகச் சாப்பிட்டார். பிறகு மேசையில் நகரத்தை விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோயில், பள்ளிவாசல், சந்தை எதுவும் அந்த விரலைத் தடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே கோட்டை வரைபடத் துணியில் மையால் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அது நம் வீட்டின் மேல் போனது.

"உங்கட கையாலயே எங்கட வீட்டை இடிக்கப் போறியளோ?" என்று அம்மா கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அந்தத் துணியைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினீர்கள். பக்கத்தில் இருந்த என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தீர்கள்.

"தெரியுதோ, பிள்ளை?"

இல்லை என்றேன். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

போன மாதம் நகராட்சி ஆவணக் கிடங்கில் அதே துணியைத் தடவினேன். நம் வரிசையின் மேல் ஒரு சொரசொரப்பு. புதிய கோடு எதிர் வரிசையில். பால் விற்ற மாரிமுத்து மாமாவின் வீட்டோடு அங்கே ஐந்து வீடுகளை இடித்தார்கள். அதற்குள் போர் முடிந்தது, சாலை வரவேயில்லை. அந்த வெற்றிடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

திட்டக்காரரே மாற்றச் சொன்னாரா? நீங்களாக மாற்றினீர்களா? கோட்டுக்கு வேறு இடமே இல்லையா?

ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்குப் போனேன். மாரிமுத்து மாமாவின் மகள் வள்ளி அங்கே இருக்கிறாள். சின்ன வயதில் என்னோடு விளையாடியவள். கோடு மாறியதைச் சொல்லத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஒங்கப்பா மாதிரி வராது லா, அக்கா. வீட்ட இடிச்ச அன்னிக்கு எங்க டிரங்குப் பெட்டிய அவருதான் ஃபெரி ஜெட்டி வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. வழியெல்லாம் அழுவுறாரு. ஜப்பான்காரன் பாத்தா அறைவான், சும்மா வாங்கன்னு எங்கப்பாதான் அதட்டுனாரு."

தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

முன்னுரையை இன்னும் எழுதவில்லை. இந்தக் கடிதம் அச்சாகும் முன், வரும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடி வள்ளியிடம் போய்ச் சொல்வேன். இதை அவள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் என்ன சொன்னாலும் இருந்து கேட்டுவிட்டே வருவேன். முன்னுரை அதற்குப் பிறகுதான்.

நீங்கள் அன்று கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியுது, அப்பா.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்,
புவனம்