பதினொன்றாம் கேள்வி

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கீழ்வரிசையில் நான்கு பற்கள் இல்லாமல் பேசினால் சொற்கள் வழுக்குகின்றன. அப்படி நான் பேசுவது உன் காதில் விழ வேண்டாம் என்றுதான் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

வியாழன் காலை உன் வகுப்புத் தோழன் நவீன்குமார் எனக்குப் பல் பதிக்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. தாடையை ஸ்கேன் எடுத்து, கணினியில் திருப்பித் திருப்பிக் காட்டினான். உதட்டுக்குப் போகும் நரம்பை மஞ்சள் கோடாக வரைந்து, அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் பல்லைத் தாங்கும் திருகு இறங்கும் என்றும் அளந்து வைத்திருக்கிறான். அந்தத் திட்டப்படியே, மீதிப் பற்களின் மேல் கச்சிதமாக உட்காரும் பிளாஸ்டிக் அச்சு ஒன்றும் வந்துவிட்டது. அதிலுள்ள துளை வழியாகத்தான் டிரில் இறங்குமாம். "என் கை நடுங்குனாலும் இது நடுங்காதுங்கம்மா" என்றான். நடுங்கும் கையென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

இன்று அச்சைப் பொருத்திப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் முத்தாயம்மாள் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பல் வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்களாம். "எலும்புக்கு வாரம் ஒருக்கா மாத்தர தின்னுறேன்னு சொன்னனுங்க. அதத் தின்னா தாடையில பண்ற புண்ணு சில பேருக்கு ஆறாதாமுங்க. எலும்பு டாக்டரக் கேட்டுப்போட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றார். அது என்ன மாத்திரை என்று பெயரைக் கேட்டேன்.

வித்யா, அந்த மாத்திரையை நானும் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் விழுங்குகிறேன். அப்போது குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததால் கொடுத்தது; அதை உனக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் போனில் கேமரா கெட்டுவிட்டது என்றேனே, அது கையிலிருந்த கட்டை நீ பார்க்கக்கூடாது என்றுதான்.

நவீன் கொடுத்த படிவத்தில் பதினொன்றாம் கேள்வி அந்த மாத்திரையைப் பற்றியதுதான். ஆமென்று எழுதினால் அவன் சொல்லி அன்று மாலையே உனக்குத் தெரிந்துவிடும், அப்பா வாழ்ந்த இந்த வீட்டைப் பூட்டி என்னை அழைத்துப் போய்விடுவாய் என்று பயந்து, "இல்லை" என எழுதினேன். அதே படிவத்தில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியும் கொடுத்தேன். வரவேற்பில் இருந்த அனிதா, "டீச்சருங்களா?" என்று கேட்டாள். கான்வென்டில் படித்தவள் என்றேன், பெருமையோடு. அவன் அவ்வளவு கவனமாக அளந்ததெல்லாம் என் "இல்லை"யை நம்பித்தான்.

நாளை காலை ஒன்பது மணிக்கு நானே போய் அந்தப் பதிலை அடித்துத் திருத்துகிறேன். நீ முந்திக்கொண்டு அவனை அழைக்காதே. சொல் வழுக்கினாலும் நான்தான் சொல்ல வேண்டும். பிறகு உன்னையும் அழைக்கிறேன். என்ன கேட்டாலும் மறைக்காமல் பதில் சொல்வேன். வீட்டைப் பற்றி மட்டும் உடனே முடிவு செய்துவிடாதே, சாமி. குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. இரண்டு.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வசந்தாமணி